"வயசு வரட்டும், பார்த்துக்கலாம்" என்று இந்த ஊசியைத் தள்ளிவைக்காதீர்கள்

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி என்றதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ஒன்பது, பத்து வயசுப் பிள்ளைக்கு இது எதுக்கு இப்பவே?" என்பதுதான். கேட்பவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசிக்கு எதிரானவர்கள் அல்ல. மற்ற ஊசிகளை நாள் தவறாமல் போட்டவர்கள். இதை மட்டும் "காலேஜ் போகட்டும்", "கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுக்கலாம்" என்று ஒத்திவைக்கிறார்கள். வேண்டாம் என்று மறுப்பவர்களைவிட, அப்புறம் என்று சொல்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். இந்த ஊசியில் தாமதம் ஆக ஆகப் பலன் குறைகிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுக்க முழுக்க எச்பிவி என்ற வைரஸால் வருவது. 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருந்தாலும் 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதப் புற்றுக்குக் காரணம். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவின்போது தோலோடு தோல் உரசினாலே இது தொற்றும், அதனால் ஆணுறையும் முழுப் பாதுகாப்பு தராது. தொற்றியவருக்கு வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. பெரும்பாலானவர்கள் உடலில் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால் 15, 20 ஆண்டுகளில் புற்றாக மாறலாம். நோய் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

தடுப்பூசியில் இருப்பது அந்த வைரஸின் வெளிக்கூட்டுப் புரதம் மட்டும். மரபணு கிடையாது, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு. ஆகவே ஊசியால் தொற்று வரவோ புற்று வரவோ வழியே இல்லை. அந்தக் கூட்டைப் பார்த்து உடல் எதிரணுக்களைத் தயார் செய்து வைக்கிறது. வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே அவை அதை மடக்கிவிடுகின்றன. நுழைந்துவிட்ட வைரஸை இந்த ஊசியால் வெளியேற்ற முடியாது. இது மருந்தல்ல, தடுப்பு மட்டுமே. வயதுக் கேள்விக்கான பதில் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது: வைரஸ் தொற்ற வாய்ப்பே வராத வயதிலேயே போட்டுவிட வேண்டும்.

இங்கிலாந்தில் 2008-இல் தொடங்கிய திட்டத்தின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. 12, 13 வயதில் ஊசி பெறும் வாய்ப்பு இருந்த பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 14 முதல் 16 வயதில் வாய்ப்புப் பெற்றவர்களிடம் 62 சதவீதம். 16 முதல் 18 வயதில் வெறும் 34 சதவீதம். ஊசி ஒன்றே, நாடு ஒன்றே. மாறியது வயதும், வயது கூடக் கூட ஊசி போட்டுக்கொள்வோர் குறைந்ததும்தான். ஸ்வீடனிலும் இதே கதை: 17 வயதுக்கு முன் போட்டவர்களிடம் 88 சதவீதம் குறைவு, அதற்குப் பின் போட்டவர்களிடம் 53. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி முழுமையாகப் பெற்ற பெண்களிடம் இந்தப் புற்று ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று 2024-இல் ஆய்வு வந்தது.

"எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல" என்று சிலர் சொல்வதுண்டு. அம்மா, உங்கள் பெண்ணின் ஒழுக்கத்தை யாரும் இங்கே கேள்வி கேட்கவில்லை. ஒருவரையே மணந்து அவரோடு மட்டுமே வாழும் பெண்ணுக்கும் இது வரும். கணவருக்கு எப்போதோ தொற்றியது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஊசி போட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள், அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. குழந்தைப்பேறு பாதிக்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. சொல்லப்போனால், புற்றுக்கு முந்தைய மாற்றங்களுக்காகக் கருப்பை வாயில் செய்யும் அறுவைதான் பிற்காலத்தில் குறைப்பிரசவத்துக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. ஊசி அந்த நிலை வராமலே தடுக்கிறது.

சின்ன வயதில் போடுவதில் இன்னொரு லாபம், உடல் தரும் பதிலும் அப்போதுதான் வலுவாக இருக்கிறது. அதனால் டோஸும் குறைவு. முதலில் எல்லாருக்கும் மூன்று டோஸ் என்று இருந்தது. பிறகு 9 முதல் 14 வயதுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு என்றானது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு போதும் என்றது. 21-க்கு மேல் இரண்டு. எச்ஐவி உள்ளவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஒவ்வொரு நாடும் தன் அட்டவணையைத் தானே முடிவு செய்கிறது, உங்கள் மருத்துவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். இரண்டாவது டோஸ் தள்ளிப்போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். ஐந்து மாதத்துக்குள் அவசரப்பட்டுப் போட்டுவிட்டால்தான் இரண்டு டோஸ் கணக்கு செல்லாது.

ஒரு டோஸ் போதும் என்பதற்கான முக்கியமான சான்றுகளில் ஒன்று திட்டமிடாமல் கிடைத்தது. இந்தியாவில் இரண்டு டோஸா மூன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆய்வு தொடங்கியது. 2010-இல் ஊசி போடுவதை நிறுத்த உத்தரவு வந்ததால் ஏறத்தாழ 5,000 சிறுமிகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். உடலில் தங்கிவிடும் 16, 18 வகைத் தொற்றை அந்த ஒரு டோஸே சுமார் 95 சதவீதம் தடுத்திருந்தது.

எந்த கம்பெனி ஊசி என்று அலைய வேண்டாம். எல்லாமே 16, 18 வகைகளைத் தடுக்கின்றன. ஒன்பது வகைகளைத் தடுக்கும் ஊசி கிடைத்தால் நல்லது, அதற்காக இரண்டு வருடம் காத்திருப்பது நல்லதல்ல.

இனி ஊசி போடும் நாள். பள்ளிகளில் முகாம் நடத்துபவர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். 2014-இல் கொலம்பியாவின் எல் கார்மன் டே பொலிவார் என்ற ஊரில் ஊசிக்குப் பின் நூற்றுக்கணக்கான சிறுமிகள் அடுத்தடுத்து மயங்கி விழுந்தார்கள். பதற்றம் ஒருவரைப் பார்த்து ஒருவருக்குப் பரவியதே காரணம் என்று ஆய்வு சொன்னது. அதற்குள் வீடியோக்கள் பரவி, நாடு முழுக்க ஊசி போடுவோர் எண்ணிக்கை சரிந்தது. ஜப்பானில் 2013 ஏப்ரலில் தொடங்கிய அரசுப் பரிந்துரையை, பக்கவிளைவுப் புகார்கள் எழுந்ததால் ஜூனிலேயே நிறுத்தினார்கள். ஊசி போடுவோர் 70 சதவீதம் அளவில் இருந்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் ஏறக்குறைய 30,000 பெண்களிடம் 24 விதமான அறிகுறிகளை ஆராய்ந்தபோது ஊசிக்கும் அவற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனாலும் பரிந்துரை திரும்ப 2022 ஆகிவிட்டது. இடையில் விட்டுப்போன பிள்ளைகளுக்கு அந்த வயது திரும்ப வராது.

ஊசிக்குப் பயந்து மயங்குவது இந்த வயதில் சாதாரணம். விழும்போது தலையில் அடிபடுவதுதான் ஆபத்து. அதனால் பிள்ளை சாப்பிட்டு வர வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் பார்க்காதபடி திரை போட வேண்டும். உட்காரவைத்து மேல்கையின் தசையில் 0.5 மில்லி. பிறகு 15 நிமிடம் எழவிடாமல் உட்காரவைக்க வேண்டும். தலை சுற்றினால் உடனே படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள், ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். சுற்றிக் கூட்டம் சேரவிடாதீர்கள்.

மயக்கத்தையும் கடும் ஒவ்வாமையையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. மயங்குபவர் ஊசி போட்டவுடனே வெளிறி, குளிர்ந்து வியர்ப்பார், நாடி மெதுவாகும், படுத்தால் சரியாகும். ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடம் கழித்து வரும். தோலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு, வேகமான பலவீனமான நாடி இருக்கும், படுத்தாலும் சரியாகாது. இது பத்து லட்சம் டோஸுக்குச் சில பேருக்கே வருவது. ஆனால் வந்தால் தாமதிக்கக் கூடாது. கொடுக்க வேண்டியது 1:1000 செறிவுள்ள அட்ரினலின் ஊசி: எடையில் கிலோவுக்கு 0.01 மில்லி, அதிகபட்சம் 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் முகாமைத் தொடங்கவே கூடாது.

கை வலி, சிவப்பு, லேசான காய்ச்சல், தலைவலி ஓரிரு நாள் இருக்கலாம். சளி பிடித்திருந்தாலும் மாதவிடாய் நாளானாலும் போடலாம். கடும் காய்ச்சலில் தள்ளிவையுங்கள். முந்தைய டோஸுக்கோ, ஈஸ்டில் தயாரித்த ஊசி என்றால் ஈஸ்டுக்கோ கடும் ஒவ்வாமை இருந்தவருக்குப் போடக்கூடாது.

இன்னொரு கவனம், உறைநிலை. ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டுக்குப் பயப்படும் அளவுக்கு யாரும் குளிருக்குப் பயப்படுவதில்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேரே பெட்டியில் வைத்தால் அதை ஒட்டிய குப்பிகள் உறைந்துவிடும். இதிலுள்ள அலுமினிய உப்பு உறைந்தால் திரிந்து கட்டியாகும், ஊசி வீண். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் வந்தபின் அடுக்குங்கள். குப்பி உறைந்ததோ என்று சந்தேகமா? அதே தயாரிப்பு, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருகவிடுங்கள். இரண்டையும் குலுக்கி அருகருகே வையுங்கள். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ படிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

ஊசியின் பெயர், பேட்ச் எண், தேதி மூன்றையும் அட்டையில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. அதனால் அந்தப் பெண் வளர்ந்தபின் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும், அன்று அந்த அட்டை உதவும்.

கூட வரும் அம்மாவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அவருக்கு இந்த ஊசி பெரிதாக உதவாது, பரிசோதனைதான் உதவும். 30 வயதானவர் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்ளலாம். வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால் அடுத்தது 5 முதல் 10 ஆண்டுகள் கழித்துத்தான். எச்ஐவி உள்ளவர்கள் 25-லேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். கூச்சமாக இருந்தால், தானே குச்சியில் மாதிரி எடுத்துக் கொடுக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். மகளுக்கு ஊசி போடும் அன்றே, அதே நர்ஸிடம் கேட்டுத் தேதி வாங்கிவிடுங்கள்.