மெட்ரோ கார்டும் ஒரு போன் காலும்

போன சனிக்கிழமை நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அக்காவிடம், பையன் எந்தக் காலேஜ் என்று யாரோ கேட்டார்கள். "கம்யூனிட்டி காலேஜ்தான்... இப்போதைக்கு" என்றார். அந்த "தான்" வரும்போது குரல் தாழ்ந்துவிட்டது. கேட்டவரும் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் படித்ததும் கம்யூனிட்டி காலேஜில்தான், அதாவது குறைந்த கட்டணத்தில் இரண்டு வருஷப் பட்டம் தரும் அரசுக் கல்லூரியில். லாங் ஐலண்ட் சிட்டியில் இருக்கும் லாகார்டியா, 1971-ல் தொடங்கியது. 7ஆம் நம்பர் ரயிலில் 33ஆம் தெருவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தாம்சன் அவென்யூவில் பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் வரும். அதில் ஒன்று அந்தக் காலத்தில் சன்ஷைன் பிஸ்கட் ஃபேக்டரி. இப்போது அதுவும் காலேஜ்.

பிளஸ் டூவோடு கல்யாணமாகி வந்தவள் நான். முதல் அக்கவுன்டிங் வகுப்பு சாயங்காலம். பக்கத்தில் உட்கார்ந்தவர் வங்காளதேசத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், ராத்திரி டாக்சி ஓட்டுபவர். டெபிட், கிரெடிட் எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் முழித்தபோது, அவர் சட்டைப்பையிலிருந்து தன் வசூல் நோட்டை எடுத்தார். பெட்ரோலுக்குப் போனது டெபிட், சவாரியில் சம்பாதித்தது கிரெடிட் என்று பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். வாத்தியார் அரை மணி நேரம் சொல்லியும் ஏறாதது அந்தக் கசங்கிய நோட்டில் ஏறிவிட்டது. முன்வரிசையில் ஈக்வடார் பெண் ஒருத்தி, குழந்தையை வளாகத்துக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவாள். இவர்களோடு படித்ததை நான் எதற்குக் குரல் தாழ்த்திச் சொல்ல வேண்டும்?

சரி, பணத்தைப் பார்ப்போம். நியூயார்க்வாசிக்கு இங்கே முழுநேரப் படிப்புக்கு வருஷத்துக்கு 4,800 டாலர். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அரசு உதவித்தொகையிலேயே பெரும்பாலும் அடைந்துவிடும். ஆனால் கட்டணத்தை மட்டும் குறைத்தால் யாரும் படித்து முடிப்பதில்லை. சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் நடுவிலேயே நின்றுவிடுவதுதான் இந்தக் காலேஜ்களின் பெரிய வேதனை. நின்றவர்கள் படிப்பு வராதவர்கள் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, ரயிலுக்குக் காசில்லாமலும், வேலை நேரம் மாறியும், கேட்க நாதியில்லாமலும் நின்றவர்களே அதிகம்.

இதற்கு, லாகார்டியாவையும் நடத்தும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் ஒரு வழி கண்டது. ஏசாப் (ASAP) என்று பெயர். உதவித்தொகை போக மிச்சக் கட்டணத்தை அவர்களே ஏற்பார்கள், புத்தகத்துக்கு உதவி, ரயில், பஸ் செலவுக்கும் உதவி; நான் படித்தபோது அது மாதாமாதம் மெட்ரோ கார்டாக வந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர். அப்போது சாதாரணமாக ஓர் ஆலோசகர் தலையில் 600 பேருக்கு மேல் இருந்தார்கள். ஏசாப்பில் அறுபது, எண்பது பேர்தான். லாகார்டியா உட்பட மூன்று காலேஜ்களில் குலுக்கல் முறையில் ஆள் எடுத்து ஆராய்ந்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருஷத்தில் பட்டம் வாங்கியவர்கள் ஏசாப்பில் 40 சதவீதம், மற்றவர்களில் 22 சதவீதம். செலவு கூடுதல்தான், ஆனால் ஒரு பட்டத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் குறைவு. கணக்கெழுதிப் பிழைக்கிறவளாகச் சொல்கிறேன், இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியாது.

எண்ணிக்கையை விடுங்கள். நானும் ஏசாப்பில்தான் படித்தேன். இரண்டாவது செமஸ்டரில் என் சின்னவளுக்கு நிமோனியா. இரண்டு வாரம் வகுப்புப் பக்கமே போகவில்லை. இனி முடியாது என்று மனதுக்குள் முடிவே கட்டியிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கும்போது போன் வந்தது, என் ஆலோசகர். "ரெண்டு வாரமா காணோமே, என்னாச்சு?" என்றுதான் கேட்டார். அழுதுவிட்டேன். அவரே மூன்று ஆசிரியர்களிடமும் பேசித் தேர்வைத் தள்ளிவைத்தார். அந்த ஒரு போன் வராவிட்டால் நான் இன்று அதே பல்கலைக்கழகத்தின் பாரூக் காலேஜில் பி.பி.ஏ. முடித்தவள் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். ஏசாப்புக்கு செமஸ்டருக்கு 12 கிரெடிட்டாவது (பாடங்களை அளக்கும் கணக்கு) எடுக்க வேண்டும், அதாவது முழுநேரம். இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு அது எப்படி முடியும்? அந்த டாக்சிக்காரர் பகுதிநேரம்தான் படித்தார், அதனால் அவருக்கு இது எதுவுமே கிடைக்கவில்லை. மூன்றாவது செமஸ்டரில் அவர் இருந்த நாற்காலி காலியாக இருந்தது. 2025-லிருந்து 25 முதல் 55 வயதுக்காரர்களுக்குச் சில துறைகளில் மாநில அரசே இலவசமாகப் படிக்க வைக்கிறது, சந்தோஷம். ஆனால் அவர்களுக்கும் போன் பண்ணி விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். பகுதிநேரம் படிப்பவருக்கும் ஆலோசகர் கொடுங்கள் என்பதுதான் நான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது.

அந்த அக்கா இதைப் படித்தால்: பையனை முதல் செமஸ்டரிலேயே ஏசாப் அலுவலகத்துக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். கிரெடிட் கொஞ்சம் சேர்ந்துவிட்டால் அப்புறம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படிவம் நிரப்ப ஆள் வேண்டுமானால், சனிக்கிழமை காலையில் நான் கேன்டீனில்தான் இருப்பேன்.