அணைக்கச் சொல்லலை, கீழே திருப்பச் சொன்னோம்

வடசென்னை திருவொற்றியூர் கடற்கரையில ஹைமாஸ்ட் (உச்சியில பெரிய விளக்குகள் மாட்டின உயரக் கம்பம்) ஒண்ணு நிக்குது. அதோட விளக்குகளை மேலே தூக்கி மாட்டியிருக்கிறதால நட்சத்திரம் தெரியலைன்னு சொன்னோம். அதுக்கு "இருட்டு வேணும்னா காட்டுக்குப் போங்க"ன்னு வந்த பதிலைக் கேட்டுட்டு சும்மா இருக்க முடியலை. விளக்கை அணைக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்கலை. கீழே திருப்பச் சொன்னோம். அவ்வளவுதான்.

16 மீட்டர் கம்பம், 200 வாட் ஃபிளட்லைட் எட்டு. ஒவ்வொண்ணும் 120 டிகிரிக்கு ஒளி பரப்புற வகை. நடுவிலிருந்து இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 60. விளக்கோட முகக் கண்ணாடி தரையைப் பார்த்து மட்டமா இருந்தா வெளிச்சம் மணலோட முடிஞ்சிடும். 30 டிகிரி தூக்கினா அதோட விளிம்பு அடிவானத்தைத் தொடும். இங்கே தூக்கியிருக்கிறது ஏறக்குறைய 45. மிச்ச 15 டிகிரி வெளிச்சம் யாருக்கும் உதவாம நேரா வானத்துக்குப் போகுது. அதிலும் அடிவானத்தை ஒட்டிப் போற ஒளிதான் ரொம்பக் கெடுதல். காத்துக்குள்ள நெடுந்தூரம் ஓடி, வழியெல்லாம் தூசியிலயும் உப்பு ஈரத்திலயும் பட்டுச் சிதறும். போட்டிருக்கிறதோ 6500 கெல்வின் வெள்ளை, நீலம் அதிகம் (விளக்கோட நிறத்தைச் சொல்ற எண் இது; எண் கூடினா நீலமும் கூடும்). சுத்தமான காத்துலகூட 450 நானோமீட்டர் அலைநீளம் உள்ள நீலம், 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட மூணு மடங்கு சிதறும்.

"எண்ணூர், மணலி ஆலைப் புகையில ஏதுங்க நட்சத்திரம்?" புகை இருக்கிறதாலதான் சொல்றோம். ஒளியைப் பிடிச்சு நம்ம தலைக்கு மேலயே பரப்புறது அந்தப் புகைதான். திருவொற்றியூர்லேர்ந்து பார்த்தா தெற்கேயும் மேற்கேயும் நகரம். அந்த வெளுப்பை நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. கிழக்கே கடல். நமக்கு மிச்சமிருக்கிற ஒரே இருட்டுத் திசை அதுதான். அந்தப் பக்கமாப் பார்த்துத்தான் விளக்கைத் தூக்கி வச்சிருக்காங்க.

கார்த்திகை மாசம் ராத்திரி எட்டு மணிக்குக் கிழக்கே அறுமீனை, அதான் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை, பாருங்க. அதுல ரொம்பப் பிரகாசமான மீனோட ஒளியளவு 2.9 (இந்த எண் கூடக் கூட மீன் மங்கல்). ஆறையும் எண்ண 4.3 வரைக்கும் கண்ணுக்குத் தெரியணும். வானம் வெளுத்துட்டா ஒண்ணு ரெண்டு தெரியும், இல்லைன்னா வெறும் மங்கல் திட்டு. இந்த ஒளியளவுக் கணக்கைச் சீராக்கினவர் ஆங்கிலேய வானியலாளர் போக்சன். அவரே 1861-ல சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோள், பேரே 'ஆசியா'. அந்த ஊர்ப் பிள்ளைங்களைத்தான் வானம் பார்க்கக் காட்டுக்குப் போகச் சொல்றீங்க. வலிக்குதுங்க.

"பொண்ணுங்க ராத்திரி நடக்க வேணாமா?" நடக்கணும். அதுக்குத் தரையில வெளிச்சம் வேணும், கண்ணுல இல்லை. கண் கூசினா கண்ணோட பாப்பா சுருங்கும். படகுக்குப் பின்னால நிழல்ல நிக்கிற ஆள் தெரியமாட்டான். இருட்டுக்குக் கண் நல்லாப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். தூரத்துல நின்னு பாருங்க: எல்.இ.டி. புள்ளிகள் நேரா கண்ணுல குத்துதுன்னா அந்த விளக்கு தப்பா மாட்டினது. பாதுகாப்புன்னு பேசுறவங்க முதல்ல கேட்க வேண்டியதே கீழே திருப்பச் சொல்லித்தான்.

செலவா? ஹைமாஸ்ட்ல விளக்கு மாட்டின வளையத்தை வின்ச் (கம்பியைச் சுத்தி இழுக்கிற) மோட்டார்ல தரைக்கு இறக்கலாம், ஏணி வேண்டாம். பிராக்கெட்டோட ரெண்டு பக்க போல்ட்டையும் தளர்த்தி, மட்டமாக்கி, இறுக்கணும். கடலோரத்துல இரும்பு போல்ட் துருப்பிடிச்சு இறுகிடும், அப்புறம் கோணத்தை மாத்தவே முடியாது; அப்பவே துருப்பிடிக்காத எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் மாத்திடுங்க. மட்டமா வச்சா தூரத்துக்கு எட்டாதுன்னு சொல்வாங்க. அதுக்குத்தான் ஒரு பக்கமா ஒளியைத் தள்ளுற லென்ஸ் வச்ச ஃபிட்டிங் இருக்கு. மாத்தும்போது 3000 கெல்வினுக்குள்ள வாங்குங்க, கடைக்காரர்கிட்ட 'வார்ம் ஒயிட்'னு கேளுங்க. எட்டு விளக்கும் சேர்ந்து 1600 வாட், 11 மணி நேரத்துக்கு 17.6 யூனிட். ராத்திரி 11-லேர்ந்து காலை 5.30 வரை பாதியாக் குறைச்சா ஒரு கம்பத்துக்கே தினம் 5.2 யூனிட் மிச்சம். விளக்குக்குள்ள மின்சாரத்தைச் சீராக் கொடுக்கிற 'டிரைவர்' பெட்டி சாதாரணமா இருந்தா இது நடக்காது, வெளிச்சத்தைக் குறைக்கக்கூடிய, டிம் ஆகிற டிரைவர் வேணும்.

அடுத்த தடவை பராமரிப்புக்கு வளையத்தை இறக்கும்போது யாராவது பக்கத்துல நில்லுங்க. போன்ல இருக்கிற மட்டம் பார்க்கிற ஆப்பைத் திறந்து ஒவ்வொரு விளக்கோட கண்ணாடியிலயும் ஒட்டிப் பிடிங்க. எட்டும் பூஜ்யம் காட்டின பிறகு மேலே ஏத்தச் சொல்லுங்க.