வாட்ஸ் கேட்கும் முன் டிரான்ஸ்பார்மரைக் கேளுங்கள்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு ஸ்டீரியோவில், தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும் இடத்தில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற தாழ்ந்த நாதம் மட்டும் மழுங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கர்தான் காரணம் என்று இரண்டு ஆண்டுகள் நம்பியிருந்தேன். உள்ளூரில் அசெம்பிள் செய்து வாங்கிய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, வீட்டு மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றித் தரும் டிரான்ஸ்பார்மர், கண்டென்சர் அடங்கிய பவர் சப்ளையில் மல்டிமீட்டரை வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. சும்மா இருக்கையில் 35 வோல்ட் காட்டிய முள், ஒலியைக் கூட்டியதும் 27க்கு இறங்கியது.

ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரம் முழுவதும் பவர் சப்ளையிலிருந்தே வருகிறது; டிரான்சிஸ்டர்கள் அதைப் பாட்டின் அசைவுக்கேற்பத் திறந்து மூடும் மடைகள். 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் எடுக்க, உச்சத்தில் ஏறத்தாழ 28 வோல்ட்டும் 3.5 ஆம்பியரும் வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டி அதே வோல்ட்டேஜை எதிர்பார்த்தால் 7 ஆம்பியர் வேண்டும். ஏரியில் தண்ணீர் இல்லாமல் மடையை மட்டும் அகலப்படுத்தி என்ன பயன்?

நொடிக்கு 50 சுழற்சியாக வரும் வீட்டு மின்சாரம், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயரைத் தாண்டியதும் 100 துடிப்பாகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள 10 மில்லி நொடியில் பெரும்பகுதியைக் கண்டென்சரில் தேங்கியிருப்பதை வைத்தே ஓட்ட வேண்டும். என் ஆம்பில் பிளஸ், மைனஸ் என்ற இரு பக்கங்களில் பக்கத்துக்கு 2200 மைக்ரோஃபாரட் (கண்டென்சரின் கொள்ளளவுக்கான அலகு) தான் இருந்தது. 2 ஆம்பியர் இழுத்தால் அந்த இடைவெளிக்குள் 7 வோல்ட்டுக்கு மேலும் வடிந்துவிடும். 10,000 மைக்ரோஃபாரட் இருந்தால் வடிவது 2 வோல்ட்டுக்குள் அடங்கும்.

கண்டென்சரை மாற்றினேன், பாதிதான் சரியானது. பெரிய கண்டென்சர் குறுகிய நேரத்தில் பெருங்கரண்டை உறிஞ்சுவதால், மெல்லிய கம்பி சுற்றிய 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் சூடாகித் திணறியது. காப்பர் வைண்டிங்கில் 24-0-24 (பக்கத்துக்கு 24 வோல்ட் ஏசி), 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் போட்ட பிறகே கும்கி முழுதாக எழுந்தது. இதைச் செய்த அன்று இரவு நெடுநேரம் நான் தூங்கவில்லை. அத்தனை நாள் கேட்ட கச்சேரிகளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

இரைச்சலும் இங்கிருந்தே பிறக்கிறது. பாட்டு இல்லாதபோது கேட்கும் தடித்த ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ் என்றால், பெரும்பாலும் கண்டென்சரின் சார்ஜிங் கரண்ட் பாயும் கிரவுண்ட் வயரில் (கரண்ட் திரும்பிச் செல்லும் பொது வயர்) பாட்டு நுழையும் இன்புட்டின் கிரவுண்டையும் சேர்த்துவிட்டார்கள் என்று பொருள். எல்லாக் கிரவுண்டுகளையும் ஒரே புள்ளியில் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதைவிடத் தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் முனகல், டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் இன்புட் வயரைத் தொடுவதால் வரலாம். அதற்குத் தூரம் தள்ளிவைப்பதே மருந்து.

எங்கள் பகுதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மாலையில் விசைத்தறிகள் ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டில் 230க்குப் பதில் 205 வோல்ட்தான் வருகிறது. வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத சப்ளையில் 35 வோல்ட் 31 ஆகிவிடும்; கிடைக்கும் வாட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. நன்கு வடிவமைத்த எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) இந்த இறக்கத்தைத் தாங்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய முறை ஆம்பை அசெம்பிள் செய்யக் கொடுப்பவர்கள், டிரான்ஸ்பார்மர் எத்தனை ஆம்பியர், காப்பரா அலுமினியமா, கண்டென்சர் எத்தனை மைக்ரோஃபாரட் என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.