பெட்டி வாடகை சும்மா ஏறவில்லை
கலிபோர்னியா பாதாம் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கைக்காக வைக்கும் தேனீப் பெட்டியின் வாடகை 200 டாலரைத் தொட்டதைத் தேனீ வளர்ப்போரின் பேராசை என்கிறது ஒரு கட்டுரை. இது நியாயமே இல்லை. பாதாம் பூப்பது பிப்ரவரியில். குளிர் விடும் முன்பே பெட்டிக்குள் அடை கட்டும் சட்டங்களில் எட்டு நிறையத் தேனீ இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். மூடியைத் திறந்து எண்ணியும் பார்ப்பார்கள். அதற்காகச் சர்க்கரைப் பாகு, தேனீக்களை ஒட்டி உறிஞ்சும் வரோவா உண்ணிக்கு மருந்து, அப்புறம் லாரிச் செலவு என்று மாதக்கணக்கில் பணம் கரைகிறது. 2024-25 குளிர்காலத்தில் அமெரிக்க வணிக வளர்ப்பாளர்களின் தேனீக் கூட்டங்களில் பாதிக்கும் மேல் செத்துப்போயின. அந்தக் கூட்டங்களில் எடுத்த உண்ணிகள் அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்துக்கே அசையாதவை என்று அரசு ஆய்வகம் கண்டது. வாடகை பற்றிக் குறைப்படும் தோட்டக்காரர்கள், பூஞ்சைக்கொல்லியைப் பகலில் அடிக்காமல், தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிய பிறகு மாலையில் தெளிக்கட்டும். அதற்குக் கூடுதல் காசு ஒன்றும் பெரிதாக ஆகாது.