ஹீட்டிங்கை "அப்புறம்" பார்க்க முடியாது

"முதலில் வீட்டைக் கட்டி முடிங்க, ஹீட்டிங்கை அப்புறம் பார்த்துக்கலாம், சந்தேகம்னா ஒரு சைஸ் பெரிய ஹீட் பம்ப் போட்டால் போதும்" என்று வீடு கட்டுபவர்களுக்கு ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். (ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி.) இரண்டுமே தப்பு. இதை நம்பி கான்கிரீட் ஊற்றிவிடாதீர்கள்.

தரைக்கு அடியில் போகிற வெப்பக்காப்புப் பலகையை அடித்தளம் போட்ட பிறகு நுழைக்க வழியே இல்லை. தரையைச் சூடாக்கும் குழாய்களும் அப்படித்தான்: அவற்றை மூடும் மேல்பூச்சுக்கு முன்பே அழுத்தம் ஏற்றி ஒழுகல் பார்த்து, அந்த அழுத்தத்தை இறக்காமலேயே மேல்பூச்சை ஊற்றுவார்கள், நடுவில் யாராவது மண்வெட்டியால் குழாயைக் குத்திவிட்டால் அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்கி உடனே காட்டிக்கொடுக்கும். நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் குழாய் புதைக்க 1 முதல் 2 மீட்டர் ஆழத்தில் கணிசமான இடத்தைத் தோண்ட வேண்டும். அஸ்திவாரத்துக்கு வந்த பொக்லைன் சும்மா நிற்கும்போதே அதை முடிக்காமல், தோட்டம் போட்ட பிறகா கிளறுவது?

பெரிய பம்ப் யோசனை இன்னும் மோசம். தேவைக்கு மேல் பெரிதானால் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்; கம்ப்ரஸர் சீக்கிரம் தேயும், மின்சாரமும் வீண். தரைக் குழாய்க்கு 35 டிகிரி தண்ணீரே பெரும்பாலும் போதும், சுவரில் மாட்டும் சின்ன ரேடியேட்டருக்கு (சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை) 55 கேட்கும், அந்த வித்தியாசத்திலேயே பம்ப்பின் திறன் நன்றாக அடிவாங்கும். அதனால் அஸ்திவார வரைபடத்தை இறுதி செய்யும் முன்பே சுவர், ஜன்னல், காற்றுக் கசிவு எல்லாம் சேர்த்து அறைவாரியாக வெப்ப இழப்புக் கணக்கு போட்டு வாங்குங்கள், பம்ப் அளவை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.