'நெப்ராஸ்கா' வீம்புக்குப் போட்ட ஆல்பமா?

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் ஸ்டுடியோவே வேண்டாம் என்று முடிவெடுத்து, இசைக்குழுவை ஒதுக்கிவிட்டு, 1982-இல் 'நெப்ராஸ்கா'வை வீட்டிலேயே பதிவு செய்தார் என்று ஓர் இணையப் பதிவு சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது வேறு.

வீட்டில் பதிவானது உண்மை. நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில், வாடகை வீட்டுப் படுக்கையறையில், நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியக்கூடிய டாஸ்காம் கேசட் ரெக்கார்டரில் பாடினார். பெரும்பாலான பாடல்கள் அந்த ஜனவரியிலேயே முடிந்தன. ஆனால் அவை குழுவுக்குப் பாடிக்காட்டத் தயாரித்த மாதிரிகள் மட்டுமே. உறைகூட இல்லாத அந்தக் கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். பொக்கிஷமாகப் போற்றியிருந்தால் இப்படியா செய்வார்?

அப்புறம் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் தன் இசைக்குழுவான ஈ ஸ்ட்ரீட் குழுவோடு அதே பாடல்களை வாசித்தும் பார்த்தார்கள். கேசட்டில் இருந்த வெறுமை அதில் வரவில்லை. வேறு வழியின்றிக் கேசட்டையே வெளியிட முடிவானது. அதிலும் சிக்கல்: ஒலி அளவு குறைவாகப் பதிவாகியிருந்ததால் எல்பி இசைத்தட்டுக்கு மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செப்டம்பர் 30 அன்று ஆல்பம் வெளிவந்தது.

குழுவோடு வாசித்த பதிவுகளே கிடையாது என்பாரும் உண்டு. 2025-இல் அவற்றில் சில அதிகாரபூர்வமாகவே வெளிவந்துவிட்டன.