லான்செட் கட்டுரை ஏன் திரும்பப் பெறப்பட்டது
எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் நிரூபிக்கப்பட்டதாகவும், மருந்து நிறுவனங்களின் அழுத்தத்தால் அந்தக் கட்டுரை நீக்கப்பட்டதாகவும் இங்கே பகிரப்பட்டுள்ளது. தயவுசெய்து ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய அந்தக் கட்டுரையே "தொடர்பை நாங்கள் நிரூபிக்கவில்லை" என்றுதான் சொல்கிறது. குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்படாமல் மருத்துவமனைக்கு இயல்பான வரிசையில் வந்தவர்கள், பரிசோதனைகளுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் இருந்தது என்று அதில் எழுதியிருந்த இரண்டுமே பொய் என்று பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் விசாரணையில் தெரிந்தது. அதனால்தான் 2010 பிப்ரவரியில் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது. குழந்தையை நினைத்துப் பயப்படும் பெற்றோருக்கு இந்தக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்: லான்செட் தளத்தில் கட்டுரையின் முதன்மை ஆசிரியரான ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு பெயரில் தேடுங்கள். கட்டுரை அங்கேயேதான் இருக்கிறது, "திரும்பப் பெறப்பட்டது" என்ற முத்திரையோடு. காரணத்தை விளக்கும் ஆசிரியர் குழுவின் அறிவிப்பும் ஒரே பத்திதான்.